சேர்ந்திருக்கும் நேரம் யாருடைய நேரம்?

2025 ஜனவரியில் ஒரு காணொளி பரவியது. வாரத்துக்கு 90 மணி நேரம் வேலை பார்க்க வேண்டும் என்று எல் அண்ட் டி நிறுவனத்தின் தலைவர் எஸ்.என்.சுப்ரமணியன் ஊழியர்களிடம் பேசியிருந்தார். வீட்டில் உட்கார்ந்து மனைவியின் முகத்தை எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்றும் கேட்டிருந்தார். நாடு முழுக்க விவாதம் எழுந்தது. அந்தச் சூடு தணியும் முன், பிப்ரவரி 25 அன்று, மத்திய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின் முடிவுகள் வெளியாயின. வீட்டு வேலைக்குப் பெண்கள் செலவிடும் நேரம் 10 நிமிடம் குறைந்திருப்பதாக அதில் ஒரு வரி இருந்தது.

இரண்டு செய்திகளுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி. கணவனும் மனைவியும் ஒரு நாளின் 24 மணி நேரத்தை எப்படிப் பங்கிட்டுக்கொள்கிறார்கள்? எவ்வளவு நேரம் சேர்ந்து இருக்கிறார்கள், எவ்வளவு நேரம் அவரவர் வழியில் போகிறார்கள்? பதில் சொல்லப் போனால் உடனே குழப்பம் வருகிறது. ஒரே வீட்டில் இருப்பதும் சேர்ந்திருப்பதும் ஒன்றா? தனியாக இருக்கும் நேரமெல்லாம் தனக்கான நேரமா? இதைப் பிரித்துப் பார்க்க, நேரத்தை எப்படி அளக்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

1. ஒரு நாளை எப்படி அளக்கிறார்கள்?

"தினமும் எத்தனை மணி நேரம் வீட்டு வேலை செய்கிறீர்கள்?" என்று நேராகக் கேட்டால் வருவது உத்தேசக் கணக்குதான். நிறைய செய்பவர் குறைத்துச் சொல்வதும், எப்போதாவது செய்பவர் கூட்டிச் சொல்வதும் நடக்கும். அதனால் கணக்கெடுப்பவர்கள் நாட்குறிப்பு முறையைப் பின்பற்றுகிறார்கள். முந்தைய நாள் விடியற்காலை 4 மணியிலிருந்து மறுநாள் 4 மணி வரை, அரை மணி அரை மணியாக, என்ன செய்தீர்கள் என்று கேட்டுக் குறிப்பார்கள். மொத்தம் 48 கட்டங்கள். ஒரே அரை மணியில் இரண்டு வேலை நடந்திருந்தால் அதையும் குறிக்க இடம் உண்டு.

இந்தியாவில் இதற்கு முன்னோட்டம் 1998 ஜூலை முதல் 1999 ஜூன் வரை நடந்தது. அப்போது எடுத்துக்கொண்ட ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. மற்றவை ஹரியானா, மத்தியப் பிரதேசம், குஜராத், ஒடிசா, மேகாலயா. 18,591 வீடுகள். நாடு தழுவிய முதல் கணக்கெடுப்புக்கு மேலும் இருபது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 2019இல் 1,38,799 வீடுகளிலும், 2024இல் 1,39,487 வீடுகளிலும் கேட்டார்கள். வீட்டில் ஆறு வயதும் அதற்கு மேலும் ஆன எல்லோருடைய நாளையும் பதிந்தார்கள்.

இந்தக் கடைசி விவரம் நமக்கு முக்கியம். அமெரிக்காவில் 2003 முதல் ஆண்டுதோறும் நடக்கும் கணக்கெடுப்பில் ஒரு வீட்டுக்கு ஒருவரிடம்தான் கேட்பார்கள். ஆனால் அந்த நேரத்தில் உங்களுடன் யார் இருந்தார்கள் என்றும் கேட்பார்கள். இங்கே கணவன், மனைவி இருவருடைய நாளும் கிடைக்கிறது. ஆனால் வெளியான அட்டவணைகளில் 'யாருடன்' என்பது இல்லை. இரவு 8 மணிக்கு இருவரும் வீட்டில்தான் இருந்தார்கள், இருவரும் ஓய்வில்தான் இருந்தார்கள் என்பது வரை தெரிய வழி உண்டு. பேசிக்கொண்டிருந்தார்களா, ஆளுக்கொரு அறையில் ஆளுக்கொரு போனுடன் இருந்தார்களா என்பது தெரியாது. நம் நாட்டுத் தம்பதிகள் சேர்ந்து செலவிடும் நேரம் இத்தனை நிமிடம் என்று யாராவது இந்த அட்டவணைகளைக் காட்டிச் சொன்னால் நம்ப வேண்டாம்.

2. 'சராசரி' என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது?

2019 கணக்கெடுப்பில் சம்பளமில்லாத வீட்டு வேலைக்கு ஆண்கள் 97 நிமிடம், பெண்கள் 299 நிமிடம் செலவிடுகிறார்கள் என்று வந்தது. செய்தியைப் படித்தவர்கள், ஆண்களைவிடப் பெண்கள் மூன்று மடங்கு செய்கிறார்கள் என்று புரிந்துகொண்டார்கள். அங்கேதான் தவறு. அந்த நிமிடங்கள் அன்றைக்கு வீட்டு வேலை செய்தவர்களுக்கு மட்டுமான சராசரி. செய்யாதவர்கள் கணக்கிலேயே வரவில்லை.

அன்றைக்கு வீட்டு வேலையில் கை வைத்த ஆண்கள் 26.1 சதவீதம். பெண்கள் 81.2 சதவீதம். இதைச் சேர்த்துப் பெருக்கினால் எல்லா ஆண்களுக்குமான சராசரி சுமார் 25 நிமிடம், எல்லாப் பெண்களுக்குமான சராசரி சுமார் 243 நிமிடம். மூன்று மடங்காகத் தெரிந்தது கிட்டத்தட்ட பத்து மடங்கு. நான்கில் மூன்று ஆண்கள் அன்று ஒரு டம்ளரைக்கூடக் கழுவி வைக்கவில்லை என்பதை '97 நிமிடம்' மறைத்துவிடுகிறது.

2024க்கு வருவோம். வேலை செய்த பெண்களின் நேரம் 299இலிருந்து 289 ஆனது. சரி, பத்து நிமிடம் குறைவு. அதே ஐந்தாண்டில் வேலை செய்த ஆண்களின் நேரமும் 97இலிருந்து 88 ஆகக் குறைந்தது. இருவருக்கும் இடையே 2019இல் இருந்த வித்தியாசம் 202 நிமிடம். 2024இல் 201. மிக்ஸியும் கேஸ் அடுப்பும் வாஷிங் மெஷினும் பொதுவாக எல்லோருடைய நேரத்தையும் மிச்சப்படுத்தியிருக்கலாம். பங்கீடு அப்படியே நிற்கிறது.

இன்னொரு பக்கம், 15 முதல் 59 வயதுள்ள பெண்களில் சம்பாதிக்கும் வேலையில் இருந்தவர்கள் 21.8 சதவீதத்திலிருந்து 25 சதவீதமாக உயர்ந்தார்கள். குழந்தைகளையும் பெரியவர்களையும் பார்த்துக்கொள்ளும் வேலையில் அதே வயதுப் பெண்களில் 41 சதவீதம் பேர், ஆண்களில் 21.4 சதவீதம் பேர். நேரம் 140 நிமிடம், 74 நிமிடம்.

தம்பதிகளின் நேரத்தைப் பேசும்போது எதற்கு வீட்டு வேலைக் கணக்கு என்று கேட்கலாம். சேர்ந்திருக்கும் நேரமும் தனக்கான நேரமும் வானத்திலிருந்து வருவதில்லை. சம்பாத்தியம், வீட்டு வேலை, பராமரிப்பு, தூக்கம், குளியல், சாப்பாடு எல்லாம் போக மிச்சமாவதில் இருந்துதான் வர வேண்டும். மிச்சம் யாரிடம் இருக்கிறதோ, அதை எப்படிச் செலவழிப்பது என்று முடிவு செய்யும் உரிமையும் பெரும்பாலும் அவரிடமே போய்விடுகிறது.

3. சேர்ந்திருப்பதில் எத்தனை வகை?

அமெரிக்கச் சமூகவியலாளர் டென்னிஸ் ஆர்த்னர் 1975இல் தம்பதிகளின் ஓய்வு நேரத்தை மூன்றாகப் பிரித்தார். இன்றும் இந்தத் துறையில் பலரும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.

1) தனிச் செயல். ஒருவர் மட்டும் செய்வது. நண்பர்களுடன் கிரிக்கெட், காலை நடை, புத்தகம், கோயில், தையல்.

2) பக்கத்தில் இருந்து செய்வது. இருவரும் ஒரே இடத்தில் இருப்பார்கள், ஆனால் செயலுக்கு ஒருவர் மற்றவரைச் சார்ந்திருக்க மாட்டார். டிவி பார்ப்பது இதற்கு நல்ல உதாரணம். தியேட்டரில் மூன்று மணி நேரம் உட்கார்வதும் ஏறக்குறைய இதுதான்.

3) கூட்டுச் செயல். ஒருவர் இல்லாவிட்டால் நடக்காதது. சேர்ந்து சமைப்பது, கேரம் ஆடுவது, ஊருக்குப் போகத் திட்டமிடுவது, சும்மா திண்ணையில் உட்கார்ந்து பேசுவது.

ஆர்த்னர் கண்டது, கூட்டுச் செயலுக்கும் மண நிறைவுக்கும் தொடர்பு இருக்கிறது, ஆனால் அந்தத் தொடர்பு மணவாழ்வின் எல்லாக் கட்டங்களிலும் ஒரே அளவில் இல்லை என்பது. நம் வீடுகளில் 'சேர்ந்திருந்தோம்' என்று சொல்வதில் பெரும்பகுதி இரண்டாவது வகை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. நாள் முழுக்க உழைத்த இருவர் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதும் ஒரு நெருக்கம்தான்.

என் கருத்தில், நம் ஊருக்கு நான்காவது வகை ஒன்று தேவை. வெளியே பார்த்தால் இருவரும் ஓய்வில் இருப்பது போலத் தெரியும், உள்ளே ஒருவர் மட்டும் வேலையில் இருப்பார்.

4. இரவு 8 மணி முதல் 8.30 வரை

ஒரு சாதாரண வீட்டின் ஒரு கட்டத்தை அருகில் வைத்துப் பார்ப்போம். கூடத்தில் டிவி ஓடுகிறது. கணவர் சோபாவில். மனைவி தரையில் நியூஸ் பேப்பர் விரித்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார். பக்கத்தில் பையன் வீட்டுப்பாடம் எழுதுகிறான். இடையில் குக்கர் விசில் வருகிறது. எத்தனையாவது விசில் என்று எண்ணுவது மனைவி. பையன் பென்சில் சீவித் தரச் சொல்லிக் கேட்பதும் அம்மாவிடம். சீரியலில் ஒரு கட்டம் வரும்போது இருவரும் சேர்ந்து சிரிக்கிறார்கள்.

கணவருடைய நாட்குறிப்பில் இந்த அரை மணி 'டிவி' என்று பதிவாகும். மனைவியிடம் கேட்டால் அவரும் "டிவி பார்த்துக்கிட்டிருந்தேன்" என்றுதான் சொல்வார். கீரை ஆய்ந்ததை வேலை என்றே அவர் நினைக்கமாட்டார். கேட்பவர் பொறுமையாகத் துருவினால்தான் கீரையும் விசிலும் பென்சிலும் வெளியே வரும்.

மேரிபெத் மேட்டிங்லி, சூசன் பியாங்கி என்ற இரு ஆய்வாளர்கள் 2003இல் அமெரிக்கத் தரவுகளை வைத்து இதை எழுதினார்கள். ஓய்வை இரண்டாகப் பிரித்தார்கள். வேறு வேலை எதுவும் கலக்காத தூய ஓய்வு ஒன்று. வேலையோ குழந்தைப் பராமரிப்போ கலந்துவிட்ட ஓய்வு இன்னொன்று. ஆண்களுக்கு ஓய்வு நேரம் அதிகம், பெண்களின் ஓய்வில் வேறு வேலை கலப்பதும் அதிகம் என்று கண்டார்கள். அமெரிக்காவில் கண்டது என்றாலும், முருங்கைக்கீரை வீட்டுக்கும் அப்படியே பொருந்துகிறது.

சுற்றுலா, கோயில், கடற்கரை என்று போகும்போது இது இன்னும் கூர்மையாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மெரினாவுக்குப் போகிறார்கள். புளியோதரை கட்டியவர், தண்ணீர் பாட்டில் நிரப்பியவர், குழந்தைக்கு மாற்று உடை எடுத்து வைத்தவர், திரும்பி வந்ததும் மணல் ஒட்டிய துணியை அலசியவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். மூன்று மணி நேரக் கூட்டு நேரத்துக்கு ஒருவர் முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் தனியாகச் செலவழித்திருப்பார்.

5. எது உறவுக்கு உதவுகிறது?

நேரம் கூடினால் மகிழ்ச்சியும் கூடும் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. மூன்றைப் பார்ப்போம். மூன்றுமே அமெரிக்காவில் செய்தவை, அதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1) என்ன செய்கிறோம் என்பது. உளவியலாளர் ஆர்தர் ஆரனும் உடன் ஆய்ந்தவர்களும் 1993இல் 53 தம்பதிகளை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். வாரம் ஒன்றரை மணி நேரம், பத்து வாரம். ஒரு பிரிவினர் தங்களுக்கு இதமான, பழகிய விஷயங்களைச் செய்தார்கள். இன்னொரு பிரிவினர் பரபரப்பான, புதிய விஷயங்களைச் செய்தார்கள். மூன்றாவது பிரிவினருக்குச் செய்யச் சொல்லி எதுவும் தரப்படவில்லை. பத்து வாரம் கழித்து, இதமானதைச் செய்தவர்களைவிடப் புதியதைச் செய்தவர்களிடம் மண நிறைவு கூடியிருந்தது. இரு பிரிவுக்கும் நேரம் ஒன்றே.

2) யாருக்குப் பிடித்ததைச் செய்கிறோம் என்பது. 2002இல் டுவேன் கிராஃபோர்டும் மற்றவர்களும் வெளியிட்ட ஆய்வு 73 தம்பதிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தது. கணவருக்குப் பிடித்து மனைவிக்குப் பிடிக்காத செயல்களில், மனைவியையும் சேர்த்துக்கொண்டு ஈடுபட்டாலும் சரி, கணவர் தனியாக ஈடுபட்டாலும் சரி, மனைவியின் மனக்குறையோடு அது சேர்ந்தே வந்தது. மனக்குறைக்குக் காரணமாகவும் இருந்தது, விளைவாகவும் இருந்தது. இந்த ஆய்வை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். கூட வருவதும் விரும்பி வருவதும் வேறு வேறு என்பதை இது காட்டுகிறது. "நானும்தான் அவளை எல்லா மேட்சுக்கும் கூட்டிக்கொண்டு போகிறேனே" என்று சொல்பவர் இதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

3) எந்த நேரத்தில் என்பது. ஹாரியட் பிரஸர் 2000இல் வெளியிட்ட ஆய்வு ஷிஃப்ட் வேலையையும் மணமுறிவையும் சேர்த்துப் பார்த்தது. திருமணமாகி ஐந்து ஆண்டுக்குள் இருந்த, குழந்தையுள்ள ஆண்களில், நிலையாக இரவு ஷிஃப்ட் பார்ப்பவர்கள் பிரிவதற்கான வாய்ப்பு பகல் வேலை பார்ப்பவர்களைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு.

6. ஷிஃப்ட், சட்டம், சொத்து

பிரஸரின் முடிவைத் தமிழ்நாட்டுக்கு அப்படியே எடுத்து ஒட்ட முடியாது. ஆனால் அதன் இயக்கம் இங்கே யாருக்கும் புதிதல்ல. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர் தொழிற்சாலைகளில் ஷிஃப்ட் மாறி மாறி வரும். பழைய மகாபலிபுரம் சாலையில் அமெரிக்க நேரத்துக்கு வேலை செய்பவர்கள் வீடு திரும்பும்போது பால் பாக்கெட் வந்திருக்கும். கணவன் முதல் ஷிஃப்டிலும் மனைவி இரண்டாம் ஷிஃப்டிலும் இருந்தால் குழந்தையை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது. அதே காரணத்தால் இருவரும் விழித்திருந்து சேர்ந்திருக்கும் நேரம் வாரத்தில் ஒரு நாளாகச் சுருங்குகிறது. இந்த ஏற்பாட்டில் ஒரு நன்மையும் உண்டு. வேறு ஆள் இல்லாததால் அப்பா கையாலேயே குழந்தை சாப்பிடப் பழகும்.

2023 ஏப்ரல் 21 அன்று தமிழக சட்டமன்றத்தில் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் நிறைவேறியபோது, நாளுக்கு 12 மணி நேரம் வேலை, அதற்கு ஈடாக நான்கு நாள் வேலை, மூன்று நாள் விடுப்பு என்று அரசு விளக்கியது. தொழிற்சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. மே தினத்தன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். நேரக் கணக்கில் பார்த்தால், வேலை நாளில் பயணத்தையும் சேர்த்து 14 மணி நேரம் வெளியே இருப்பவர் வீட்டில் செய்யக்கூடியது சாப்பிடுவதும் தூங்குவதும்தான். அந்த நான்கு நாளும் வீட்டு வேலை முழுக்க மற்றவர் தலையில். சமையலையும் குழந்தையையும் மூன்று நாள் விடுப்புக்குச் சேர்த்து வைக்க முடியாது. அவை அன்றாடம் வருபவை. பெண் தொழிலாளி என்றால் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் 14 மணி நேரம் முடிந்து வந்த பிறகும் அடுப்பு அவருக்காகக் காத்திருக்கும்.

இந்தப் பங்கீட்டுக்குப் பணக் கணக்கும் உண்டு என்று 2023 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது. கணவர் வெளிநாட்டில் சம்பாதிக்க, மனைவி ஊரில் பிள்ளைகளையும் வீட்டையும் பார்த்துக்கொண்ட ஒரு குடும்பத்தின் சொத்து வழக்கு அது. கணவர் எட்டு மணி நேர வேலை பார்க்கிறார் என்றால் இல்லத்தரசியின் வேலை 24 மணி நேரம் என்ற பொருளில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி எழுதினார். மனைவியின் உழைப்பு இல்லாமல் கணவர் அந்தப் பணத்தைச் சேர்த்திருக்க முடியாது, ஆகவே அந்தச் சொத்தில் அவருக்கும் சம பங்கு உண்டு என்றது தீர்ப்பு. தனித்தனியாகச் செலவான நேரத்தையும் ஒரு கூட்டு முயற்சியாக நீதிமன்றம் பார்த்தது. அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய, குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டத்துக்கு 'உதவித் தொகை' என்று பெயரிடாமல் 'உரிமைத் தொகை' என்று பெயரிட்டதற்கும் இந்தச் சிந்தனைதான் அடிப்படை.

7. தனி நேரம் கேட்பது தப்பா?

நம் பேச்சில் ஆணின் தனி நேரத்துக்கு இடங்கள் ஏற்கெனவே உண்டு. டீக்கடை, சலூன், வாசக சாலை, பாலத்துத் திண்டு. அங்கே போக அவர் காரணம் சொல்ல வேண்டியதில்லை. "சும்மா போயிட்டு வரேன்" போதும். பெண் வெளியே போக ஒரு காரணம் வேண்டும். காய் வாங்க, கோயிலுக்கு, குழந்தையை அழைத்து வர. காரணத்தோடு போகும் நேரம் பாதி வேலை நேரம்தான்.

2021 மே மாதம் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபோது, பேச்சு முழுக்க மிச்சமாகும் பணத்தைப் பற்றியே இருந்தது. பணம் பெரிய விஷயம்தான். அதோடு இன்னொன்றும் நடந்தது. போக வர நாற்பது ரூபாய் வேண்டும் என்று வீட்டில் கேட்கும்போது 'எதுக்கு' என்ற கேள்வி தானாக வரும். கேட்க வேண்டிய தேவை போனதும் அந்தக் கேள்வியும் பாதி போய்விட்டது. தனி நேரத்துக்கு அனுமதியின் விலை என்று ஒன்று இருந்தது, அது குறைந்தது.

கூட்டுக் குடும்பத்தில் இன்னொரு சிக்கல். அங்கே தம்பதிக்குக் கூட்டு நேரமும் கிடைக்காது, தனி நேரமும் கிடைக்காது. கணவனும் மனைவியும் ஒரு கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி பேசினாலே வீட்டில் என்னவோ ஏதோ என்று பார்ப்பார்கள். மொட்டை மாடியில் வடாம் காயப் போடும் சாக்கில் பேசிக்கொண்டவர்கள் எத்தனையோ பேர்.

8. வீட்டில் அளந்து பார்க்க

கணக்கெடுப்புக்காரர்களின் முறையை ஒரு வாரம் வீட்டிலேயே செய்யலாம். பெரிய ஏற்பாடு வேண்டாம்.

1) ஒவ்வொரு நாளுக்கும் ஆளுக்கொரு தாள். காலை 4 மணி முதல் மறுநாள் 4 மணி வரை 48 கட்டங்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் வாரம் முடியும் வரை பார்க்கக் கூடாது.

2) ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று விஷயம்: என்ன செய்தேன், கூடவே வேறு என்ன செய்தேன், யார் பக்கத்தில் இருந்தார்கள். அரசு அட்டவணைகளில் இல்லாத அந்த மூன்றாவது விஷயம்தான் இங்கே உயிர்.

3) ஒரு சாதாரண வேலை நாளும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் கட்டாயம் இருக்கட்டும். பண்டிகை வாரத்தைத் தவிர்க்கவும். தீபாவளி வாரத்தை வைத்து ஆண்டு முழுவதையும் முடிவு கட்ட முடியாது.

4) வாரக் கடைசியில் இருவருடைய தாள்களையும் பக்கத்தில் வைத்து, கூட்டு நேரம், பக்கத்து நேரம், தனி நேரம் என்று மூன்று நிறத்தில் வட்டமிடுங்கள். தனி நேரத்தில் 'எனக்காக' எது, 'வீட்டுக்காக' எது என்று மறுபடி பிரியுங்கள்.

5) வட்டமிட்ட கூட்டு நேரத்தில், இடத்தையும் செயலையும் தேர்ந்தெடுத்தவர் யார் என்று ஓர் எழுத்துப் போடுங்கள்.

கூட்டிப் பார்த்து யார் அதிகம் என்று சண்டை போட இது உதவாது, அதற்கு ஒரு வாரக் கணக்கு போதவும் போதாது. பார்க்க வேண்டியது இரண்டு தாளும் ஒத்துப்போகாத இடங்களை. புதன்கிழமை இரவு 8 மணிக் கட்டத்தில் ஒரு தாளில் 'சேர்ந்து டிவி' என்றும், இன்னொரு தாளில் 'நாளைக்குக் கீரை, பையனுக்கு ஹோம்வொர்க்' என்றும் இருந்தால், பேச்சை அந்தக் கட்டத்திலிருந்து ஆரம்பிக்கலாம்.